எதற்கும் பயப்படாதவருக்கு எந்தத் திகில் படத்தைச் சொல்வது?

நம் மொரீசியஸில், ரோஸ் ஹில்லிலோ கத்ர் போர்னிலோ ஒரு வீட்டு விசேஷம். ஏழு கறியோடு சாப்பாடு முடிந்து, பெரியவர்கள் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது யாராவது ஒரு தம்பி பக்கத்தில் வந்து நிற்பான். "அண்ணா, நிஜமாவே பயமுறுத்துற படம் ஒண்ணு சொல்லுங்க. எல்லாம் பார்த்தாச்சு, எதுவும் ஒண்ணும் பண்ண மாட்டேங்குது." கொஞ்சம் படம் பார்க்கிறவர் என்று பெயர் வாங்கிவிட்டால் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. நாமும் அவசரத்தில் போன மாதம் வந்த படத்தின் பெயரைச் சொல்லிவிடுவோம். அவன் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்குவான்.

பயமே வருவதில்லை என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்கு மரத்துப்போயிருப்பது ஒரே ஒரு வகைப் பயம்தான். அந்த வகையைப் படத்துக்குப் படம் பார்த்துப் பழகிவிட்டார்கள். அதிலேயே இன்னும் சத்தமாக, இன்னும் ரத்தமாக ஒன்றைக் கொடுப்பதில் பயனில்லை. அவர்களுக்குள் இதுவரை எந்தப் படமும் தொடாத பயம் எது என்று தேடிப் பிடித்து, அதற்கு ஏற்ற படத்தைச் சொல்ல வேண்டும். பரிந்துரை சொல்லும் இடத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் அதை எப்படிச் செய்யலாம் என்று படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: பெயரைச் சொல்லும் முன் கேளுங்கள்

"உங்களுக்கு எந்தப் பேய்ப்படம் பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள். பிடித்த படத்துக்கும் பயந்த படத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். "கடைசியாக எதற்குப் பயந்தீர்கள், அப்போது என்ன வயது?" என்று கேளுங்கள். பதில் ஒரு படமாகவே இருக்க வேண்டியதில்லை. ஒருவர் சின்ன வயதில் பாட்டி சொன்ன லூகாரு (ஓநாய் மனிதன்) கதையைச் சொல்வார். இன்னொருவர், பாதி இரவில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பைச் சொல்வார். இரண்டும் உங்களுக்கு வேண்டிய தகவல்தான். முதலாமவருக்குப் பயம் இருட்டிலிருந்து வருகிறது. மற்றவருக்கு அது நடக்கக்கூடிய விஷயங்களிலிருந்து வருகிறது. இந்த இருவருக்கும் ஒரே படத்தைச் சொன்னால் ஒருவர் நிச்சயம் கொட்டாவி விடுவார்.

அடுத்து, எங்கே, யாரோடு, எதில் பார்க்கிறார் என்று கேளுங்கள். பேருந்தில் போனில் பார்ப்பவருக்கு உலகத்தின் மிகச் சிறந்த திகில் படமும் வேலை செய்யாது.

மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை, ஆனால் அதுதான் முக்கியம்: "எதைப் பார்க்கவே முடியாது?" குழந்தைக்கு ஆபத்து, மிருகவதை, பாலியல் வன்முறை என்று ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை உண்டு. அதை மதிக்க வேண்டும். 'பயம் தெளியட்டும்' என்று வேண்டுமென்றே எல்லை தாண்டிய படத்தைக் கொடுப்பது கொடுமை. சமீபத்தில் வீட்டில் ஒரு சாவு நடந்திருந்தால், துக்கத்தையே அடிப்படையாக வைத்து எடுத்த படங்களைத் தள்ளி வையுங்கள். 'ஹெரிடிட்டரி' (2018), 'லேக் முங்கோ' (2008), மலையாளப் 'பூதகாலம்' (2022) எல்லாம் அந்த வகை. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கிறவர்கள் உள்ள வீட்டுக்கும் அந்த நாட்களில் எதுவும் சொல்ல வேண்டாம். விரதம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: எது மரத்துப்போயிருக்கிறது என்று பாருங்கள்

திடுக்கிடுவது வேறு, பயப்படுவது வேறு. அமைதியாகப் போகும் காட்சியில் திடீரென்று ஒரு முகமும் பெரிய ஓசையும் வந்தால் எவருக்கும் உடம்பு தூக்கிப்போடும். அது கண் இமைப்பது போல உடம்பு தானாகச் செய்வது. சில படங்கள் பார்த்ததும் அந்த இடைவெளியின் கணக்கு பிடிபட்டுவிடும். இசை நின்றது, கேமரா கண்ணாடியைக் காட்டியது, சரி, இப்போது ஏதோ வரும் என்று மனம் முன்கூட்டியே தயாராகிவிடும். நம்மிடம் வந்து கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த வகையினர்தான். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளின் ஹாலிவுட் பேய்வீட்டுப் படங்களை ஒன்று விடாமல் பார்த்தவர்கள்.

ரத்தம் பார்த்துப் பழகியவர்கள் அடுத்த வகை. எப்படி ஒப்பனை செய்திருப்பார்கள் என்றே யோசிப்பார்கள். 'சந்திரமுகி' (2005), 'காஞ்சனா' (2011) என்று சிரிப்பும் பேயும் கலந்த தமிழ்ப் படங்களோடு வளர்ந்தவர்கள் இன்னொரு வகை. அவர்களுக்குப் பேய் என்றாலே பாதி நகைச்சுவை, மீதி பழிவாங்கும் பின்கதை. பேய் யார், ஏன் வந்தது என்று இடைவேளைக்குப் பிறகு சொல்லிவிடுவார்கள் என்ற நம்பிக்கையோடுதான் படத்துக்கே உட்காருவார்கள். காரணம் தெரிந்துவிட்டால் பயம் பாதி கரைந்துவிடும்.

இந்த மூன்று வகையினருக்கும் பொதுவாக ஒன்று கிடைக்காமல் போயிருக்கிறது. காட்டாமல் விடுவதுதான் அது. இதைப் புரிந்துகொள்ள நம் தீவிலேயே உதாரணம் இருக்கிறது. 1994 பிப்ரவரியில் ஹொலாண்டா புயல் அடித்து ஓய்ந்த பிறகு, மின்சாரம் இல்லாத இரவுகளில் 'தூனி மின்வி' (நள்ளிரவு நிர்வாணன்) என்ற பீதி ஊர் ஊராகப் பரவியது. அந்தக் காலத்தைக் கடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். யாரும் எதையும் தெளிவாகப் பார்த்ததில்லை. கூரைமேல் ஒரு சத்தம், பக்கத்துத் தெருவில் யாரோ சொன்ன பேச்சு, முழு இருட்டு. இவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது. நல்ல திகில் படமும் இந்த மூன்றையும் வைத்தே வேலை செய்கிறது.

'ஜாஸ்' (1975) எடுத்தபோது ஸ்பீல்பெர்க் செய்துவைத்த இயந்திரச் சுறா கடல் நீரில் அடிக்கடி பழுதாகிவிட்டது. வேறு வழியில்லாமல் சுறாவைக் காட்டாமலே பல காட்சிகளை எடுத்தார்கள். அந்தப் படத்தின் பயம் முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது.

மூன்றாம் படி: ஆளுக்கு ஏற்ற படம்

பேய்வீட்டுப் படங்கள் சலித்துப்போனவரைப் பழைய கறுப்பு வெள்ளைக்கு அழைத்துப் போங்கள். முதலில் மறுப்பார். பரவாயில்லை. ஜாக் கிளேட்டனின் 'தி இன்னொசென்ட்ஸ்' (1961) இருட்டுத் திரையில் ஒரு சிறுமியின் பாட்டோடு தொடங்குகிறது. அதில் ஒரு காட்சி: பட்டப்பகல், ஏரிக்கு அந்தப் பக்கம் நாணல்களுக்கு நடுவே ஒரு பெண் அசையாமல் நிற்கிறாள். ஓசை எதுவும் இல்லை, பாய்ந்து வருவதும் இல்லை. என் கருத்தில் இதைவிட அச்சமூட்டும் பேய்க்காட்சி சினிமாவில் அரிது. இதையடுத்து ராபர்ட் வைஸின் 'தி ஹாண்டிங்' (1963). கடைசிவரை பேயைக் காட்டவே இல்லை. கதவுக்கு வெளியே ஏதோ இடிக்கிறது, உள்ளே இரண்டு பெண்கள் படுக்கையில் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். அவ்வளவுதான் காட்சி.

கறுப்பு வெள்ளையே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தால் ஜப்பானுக்குப் போங்கள். கியோஷி குரோசாவாவின் 'கைரோ' (2001) படத்தில் ஓர் அறையின் மறுகோடியிலிருந்து ஒரு பெண் உருவம் மெதுவாக நடந்து வருகிறது, நடுவில் கால் இடறிச் சாய்கிறது, மறுபடி நிமிர்ந்து வருகிறது. அந்த இடறல்தான் இரவில் நினைவுக்கு வரும். அதே இயக்குநரின் 'க்யூர்' (1997) பேய்ப்படம் இல்லை. சாதாரண மனிதர்கள் திடீரென்று கொலை செய்கிறார்கள், ஏன் செய்தோம் என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. பேயை நம்பாதவரையும் இது அசைத்துவிடும்.

தமிழ்ப் படம்தான் வேண்டும் என்பவரிடம் 'யாவரும் நலம்' (2009) படத்தைச் சொல்லுங்கள். விக்ரம் கே. குமார் இயக்கியது, மாதவன் நடித்தது. புதுவீட்டுக்குக் குடிவந்த கூட்டுக்குடும்பம் தினமும் ஒரு தொலைக்காட்சித் தொடர் பார்க்கிறது. தொடரில் நடப்பது வீட்டிலும் நடக்கிறது. மாலையானால் அம்மாவும் சித்தியும் சீரியலுக்கு உட்காரும் வீட்டில் இந்தப் படம் வேறு எங்கும் ஏறாத அளவுக்கு ஏறும். அதே ஆண்டின் 'ஈரம்' தண்ணீரை வைத்தே பயமுறுத்துகிறது. 'மாயா' (2015), 'அவள்' (2017) இரண்டும் சிரிப்புக்கு இடம் தராமல் எடுத்தவை. பெரியவர்களுக்கு எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954). 1954-லேயே பாட்டு ஒன்றுகூட இல்லாமல், கொலை செய்தது யார் என்ற ஒரே கேள்வியோடு ஓடிய படம். அதில் திகில் குறைவு, ஆனால் பிடி இறுகிக்கொண்டே போகும்.

மலையாளத்தை வசனவரியோடு பார்க்கத் தயார் என்றால் ராகுல் சதாசிவனின் இரண்டு படங்கள். 'பூதகாலம்' ஒரு தாயும் மகனும் மட்டும் இருக்கும் வீடு. ரேவதி நடித்த அந்தத் தாயின் மன அழுத்தம் எது, வீட்டில் இருப்பது எது என்று நெடுநேரம் பிரித்துச் சொல்ல முடியாது. 'பிரமயுகம்' (2024) முழுக்கக் கறுப்பு வெள்ளை. பாழடைந்த மனை, மம்மூட்டி, ஒரு பகடை ஆட்டம். முதலாவதைத்தான் முதலில் கொடுப்பேன். அது நம் வீடு மாதிரி இருக்கிறது என்பதே காரணம்.

சாமி, பூசை, மந்திரம் எல்லாவற்றையும் உண்மையாக நம்பும் வீட்டிலிருந்து வருபவருக்கு நா ஹாங்-ஜின் எடுத்த கொரியப் படமான 'தி வெய்லிங்' (2016). மலைக்கிராமத்தில் நோய், கொலை, ஊருக்கு வந்த அந்நியன், பேயோட்ட வரும் பூசாரி. மேளம் அதிர நடக்கும் அந்தச் சடங்குக் காட்சியைப் பார்க்கும் தமிழனுக்கு அது தூரத்து நாடாகத் தெரியாது. யாரை நம்புவது என்பதுதான் படத்தின் பயம். 156 நிமிடம் ஓடும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். தாய்மார்களுக்கு பாபக் அன்வாரியின் 'அண்டர் தி ஷாடோ' (2016) நன்றாகப் பொருந்தும். ஈரான்-ஈராக் போர்க்காலத்து டெஹ்ரானில், ஏவுகணைகள் விழும் நகரத்தில், மகளோடு தனியாக இருக்கும் ஒரு பெண். ஜின் என்ற ஆவியைப் பற்றி நம் முஸ்லிம் அண்டைவீட்டாரிடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

இனி, "பேய் எல்லாம் பொய், எனக்கு ஏன் பயம் வரணும்?" என்று கேட்கும் ஆள். இவருக்குப் பரிந்துரை செய்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. நம்பிக்கை தேவைப்படாத பயங்கள் இவருக்காகவே காத்திருக்கின்றன. மொரீசியஸ்காரர்களாகிய நமக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. பிரெஞ்சுப் படங்களை எழுத்து படிக்காமல் காதாலேயே பின்தொடர முடியும். இதை நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை.

க்ளூஸோவின் 'லெ சலேர் த லா பேர்' (1953): தென்னமெரிக்காவின் ஒரு மூலையில் கூலிக்காக நான்கு பேர் இரண்டு லாரிகளில் நைட்ரோகிளிசரின் என்ற வெடிபொருளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகிறார்கள். ஒரு குலுக்கல் போதும், எல்லாம் முடிந்துவிடும். லாரி கிளம்பவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டச் சொல்லுங்கள். அதே இயக்குநரின் 'லே தியாபோலிக்' (1955) ஒரு பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. படத்தின் முடிவில், பார்த்ததை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று திரையிலேயே கேட்டுக்கொள்கிறார்கள். நானும் சொல்லவில்லை.

இந்த வரிசையில் தலைசிறந்தது ஜார்ஜ் ஸ்லைசரின் 'ஸ்பூர்லோஸ்' (1988). டச்சும் பிரெஞ்சும் கலந்த படம். விடுமுறைக்குக் காரில் பிரான்சுக்கு வந்த ஜோடி ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்துகிறார்கள். குடிக்க ஏதாவது வாங்கப் போன பெண் திரும்பி வரவில்லை. அவன் மூன்று வருடம் தேடுகிறான். கடத்தியவன் யார் என்பதைப் படம் சீக்கிரமே காட்டிவிடுகிறது. மனைவி, பிள்ளைகள், ஆசிரியர் வேலை என்று இருக்கும் ஒரு சாதாரண மனிதன். அப்படியானால் மீதிப் படத்தில் எதற்காகக் காத்திருக்கிறோம்? என்ன நடந்தது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்ற அவனுடைய வெறி நமக்கும் தொற்றிக்கொள்கிறது. ரத்தம் கிடையாது, கத்தி கிடையாது. முடிவு மட்டும் பல நாள் கூடவே வரும்.

விருந்தோம்பலில் ஊறிய நம் ஆட்களுக்கு இன்னொன்று: கிறிஸ்டியன் டாஃப்ட்ரப்பின் டேனிஷ் படம் 'ஸ்பீக் நோ ஈவில்' (2022). விடுமுறையில் பழகிய ஒரு குடும்பம் வீட்டுக்கு அழைக்கிறது, இவர்கள் போகிறார்கள். ஏதோ சரியில்லை. ஆனால் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது, தப்பாக நினைத்துக்கொள்வார்களே என்ற தயக்கம். அந்தத் தயக்கம்தான் முழுப் படமும். குழந்தைக்கு ஆபத்து என்பதைப் பார்க்க முடியாதவர்களுக்கு இது வேண்டாம்.

ரத்தம் பார்த்துப் பழகியவருக்கு ஒரே ஒரு பெயர் போதும்: 'தி டெக்சஸ் செயின் சா மாசகர்' (1974). பெயரைக் கேட்டதும் சிரிப்பார். ஆனால் அதில் நேரடியாகக் காட்டும் ரத்தம் மிகக் குறைவு. வெயில், வியர்வை, எலும்புகள், இயந்திரத்தின் இரைச்சல், ஒரு பெண்ணின் நிற்காத அலறல். பார்த்ததாக அவர் நினைப்பதில் பாதியை அவரே கற்பனை செய்திருப்பார்.

நான்காம் படி: ஆண்டையும் மொழியையும் சேர்த்துச் சொல்லுங்கள்

இதில் கவனமில்லாமல் விட்டால் மேலே செய்தது எல்லாம் வீண். நல்ல திகில் படங்களுக்கு ஹாலிவுட் மறுபதிப்புகள் உண்டு, தேடினால் பெரும்பாலும் அவைதான் முதலில் வந்து நிற்கும். 'ஸ்பூர்லோஸ்' படத்தை அதே இயக்குநரே 1993-ல் அமெரிக்காவில் மறுபடி எடுத்தார், முடிவை மாற்றிவிட்டார்கள். 'ஸ்பீக் நோ ஈவில்' 2024-ல் மறுபடி வந்தது, அதிலும் முடிவு வேறு. 'தி ஹாண்டிங்' 1999-லும், 'லே தியாபோலிக்' 1996-லும், 'கைரோ' 2006-லும் திரும்ப வந்தன. ஆகவே பெயரோடு ஆண்டு, இயக்குநர், மொழி மூன்றையும் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்.

மொழி விஷயத்தில் நமக்குத் தனிச் சிக்கல் ஒன்று. இங்கே திரையரங்குகளிலும் தொலைக்காட்சியிலும் ஆங்கிலப் படங்களைப் பெரும்பாலும் பிரெஞ்சு டப்பிங்கில்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். மற்ற படங்களுக்குப் பரவாயில்லை. திகில் படத்தில் மூச்சு, முணுமுணுப்பு, குரல் நடுங்குவது எல்லாம் நடிப்பின் பாதி. ஸ்டூடியோவில் உட்கார்ந்து வேறொருவர் பேசினால் அது போய்விடும். எந்த மொழிப் படமானாலும் அசல் குரலோடு, பிரெஞ்சு வசனவரி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: பார்க்கும் விதத்தையும் சேர்த்துக் கொடுங்கள்

இரவு ஒன்பதுக்குப் பிறகு. விளக்கு முழுவதும் அணைந்திருக்க வேண்டும். போன் வேறு அறையில். தனியாக, அல்லது ஒரே ஒருவரோடு. பத்துப் பேர் கூடினால் யாராவது ஒருவர் கேலி பேச ஆரம்பிப்பார், அதோடு படம் முடிந்தது. நல்ல ஒலிப்பெட்டி இல்லையென்றால் காதுபொத்தும் ஹெட்போன் போதும். கூட்டுக்குடும்பத்தில் சின்னப் பிள்ளைகள் பக்கத்து அறையில் தூங்குவார்கள், அலறல் சுவரைத் தாண்டும், அதனாலும் ஹெட்போன்தான் நல்லது. ஜூலை மாதத்து மழையும் மூடுபனியும் கியூர்பிப்பில் இருப்பவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் வசதி. கடற்கரையோரம் இருப்பவர்கள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தெரு விளக்கை மறைத்தால் போதும்.

டிரெய்லர் பார்க்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். சிறந்த காட்சிகளை அதிலேயே கொட்டிவிடுகிறார்கள்.

ஆறாம் படி: எவ்வளவு சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது

"உலகத்திலேயே பயங்கரமான படம்" என்று சொல்லாதீர்கள். அதைக் கேட்டதும் அவர் படத்தோடு போட்டி போட உட்கார்ந்துவிடுவார். கதையையும் சொல்லாதீர்கள். படத்தின் வேகத்தை மட்டும் சொல்லுங்கள்: "முதல் அரை மணி நேரம் மெதுவாகப் போகும், விட்டுவிடாதே." எல்லை பற்றிய எச்சரிக்கையும் தேவை: "ஒரு குழந்தை இறக்கிறது, பார்க்க முடியுமா?" இந்த ஒன்றில் மட்டும் கதை வெளிப்பட்டாலும் பரவாயில்லை.

ஒரே தடவையில் பத்துப் பெயர்களை அனுப்பாதீர்கள், எதையும் பார்க்க மாட்டார். மூன்று போதும், வரிசையோடு. முதலாவது அவருக்குப் பழக்கமான மொழியில், உங்கள் மேல் நம்பிக்கை வரும்படி இருக்கட்டும். இரண்டாவது அவர் பழக்கத்திலிருந்து ஒரு படி விலகியது. மூன்றாவது நீங்கள் உண்மையில் கொடுக்க விரும்பியது. பேய்வீட்டுப் படங்கள் சலித்த அந்தத் தம்பிக்கு 'யாவரும் நலம்', பிறகு 'பூதகாலம்', அப்புறம் 'தி இன்னொசென்ட்ஸ்' என்று நான் அனுப்புவேன்.

பார்த்த இரவே எப்படி இருந்தது என்று கேட்க வேண்டாம். படம் முடிந்ததும் எல்லோரும் வீரம் பேசுவார்கள். இரண்டு மூன்று நாள் விட்டு, "எந்தக் காட்சி இன்னும் ஞாபகம் வருது?" என்று கேளுங்கள். பதில் சட்டென்று வந்தால் படம் வேலை செய்துவிட்டது. அந்தக் காட்சி எது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த பெயரைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

இவ்வளவுக்குப் பிறகும் "ஒண்ணும் பண்ணல" என்பவர் ஓரிருவர் இருப்பார்கள். அவர்களுக்கு மட்டும் 'த்ரெட்ஸ்' (1984). பிபிசி தொலைக்காட்சிக்காக மிக் ஜாக்சன் எடுத்தது. ஷெஃபீல்ட் நகரத்தில் திருமணத்துக்குத் தயாராகும் ஓர் இளம் ஜோடி, வானொலியில் போர்ச் செய்தி, கடைகளில் கூட்டம், பிறகு அணுகுண்டு. அதற்குப் பிறகான நாட்களையும் ஆண்டுகளையும் செய்திப்படம் போலத் தேதி போட்டுக் காட்டுகிறார்கள். பேய் இல்லை, கொலைகாரன் இல்லை. இதை மட்டும் இரவில் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சனிக்கிழமை பகலில் பார்க்கட்டும், அன்று சாயங்காலம் வீட்டில் ஆட்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.